நிழல் இங்கே, வெட்டு அங்கே!

தோழனே!

நெய்வேலி நகரியத்து வீதிகளிலே நீ நடந்திருப்பாய். சித்திரை வெயில் தலையைப் பிளக்கும் நண்பகலிலும், அங்கே இருமருங்கும் மரங்கள் கைகோத்து நிற்கும். சுரங்கம் கக்கிய மண்மேட்டின் மீதுகூடப் பச்சை படர்ந்திருக்கும். நாடகத்திற்காக அந்த ஊருக்குப் போன போதெல்லாம் அந்த நிழலிலே அமர்ந்து வசனம் எழுதியவன் நான். "மண்ணைத் தோண்டினாலும் மரத்தை மறக்கவில்லையே!" என்று மனமாரப் பாராட்டியவனும் நான்தான்.

பாராட்டிய அதே வாயால் இன்று வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒடிசா மாநிலத்திலே, சம்பல்பூர் மாவட்டத்திலே, தாலாபிரா என்றோர் ஊர். ஊரார் தாங்களே முன்னின்று, பல ஆண்டுகளாகக் காத்து வந்த காடு அவர்களுடையது. ஒடிசாவின் பல ஊர்களிலே ஓர் அழகான வழக்கம் உண்டு, தோழனே! இன்று இந்த வீட்டார் காட்டுக்குக் காவல் என்றால், மாலையிலே ஒரு கைத்தடியை அடுத்த வீட்டு வாசலிலே சார்த்தி விடுவார்கள். விடிந்தால் காவல் அந்த வீட்டாருடையது. சம்பளம் இல்லை, சீருடை இல்லை, சட்டப் பிரிவு இல்லை. காடு மட்டும் இருந்தது!

2019 டிசம்பரிலே, தாலாபிராவில் போலீஸ் காவலோடு கோடரியும் வாளும் நுழைந்தன. நாற்பதாயிரம் அளவிலே மரங்கள் வீழ்ந்தன. எதற்காக? நிலக்கரிச் சுரங்கத்திற்காக. யாருடைய சுரங்கம்? நம்முடைய நெய்வேலி நிறுவனத்தின் சுரங்கம்! 1956-இலே இந்த மண்ணிலே பிறந்து, 1957-இலே நேருவின் கையால் தோண்டத் தொடங்கிய அதே நிறுவனத்திற்கு, 2016-இலே ஒதுக்கப்பட்ட வயல் அது. தோண்டித் தரும் பணி 2018-இலே அதானி குழுமத்திற்குப் போயிற்று. 2019 மார்ச்சிலே 1,038 ஹெக்டேர் காட்டு நிலத்தை எடுத்துக்கொள்ள டில்லி ஒப்புதல் தந்தது. அந்தப் பரப்பிலே எண்ணப்பட்ட மரங்கள் 1,30,721! கிராம சபையின் இசைவு என்று காட்டப்பட்ட தீர்மானங்கள் போலியானவை என்று ஊரார் குற்றஞ்சாட்டினர். மரம் விழும் ஓசையிலே அந்தக் குரல் எவர் காதிலே ஏறும்?

காத்தவன் ஒருவன், கையெழுத்திடுபவன் வேறொருவன். இந்த விபரீதம் எப்படி விளைந்தது? கல்லூரிப் படிப்பை நடுவழியிலே விட்டவன் நான். சட்டப் புத்தகம் புரட்டுவது என் தொழிலன்று. ஆயினும் இந்தக் கதையின் முதற்காட்சி நம் சென்னையிலேயே நடந்ததென்பதால் சொல்லத் துணிகிறேன்.

வெள்ளையன் தன் இரயில் பாதைக்கு மரம் தேடிய காலம். 1865-இலே முதல் வனச் சட்டம் பிறந்தது. அதைக் கடுமையாக்க நினைத்தபோது தடுத்தது எது தெரியுமா? சென்னை ராஜதானியின் வருவாய் வாரியம்! 1871-இலே அது எழுதிய கருத்தின் சாரம் இது: இந்த ராஜதானியிலே எந்தக் காடும் ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குள்ளேதான் இருக்கிறது, கிராமத்தார் அதை நெடுங்காலமாக அனுபவித்து வருகிறார்கள், அது சர்க்கார் சொத்து என்று சொல்ல ஆதாரம் இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியதுதான், தோழனே! ஏழையின் மீது இரக்கமோ, வரி வசூல் கெடுமே என்ற கணக்கோ, எழுதியது என்னவோ உண்மை. அதனால் 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னைக்குப் பொருந்தாமலே போயிற்று.

எத்தனை நாளைக்கு? இந்தியக் காடுகளின் தலைமை அதிகாரி, செருமானியரான பிராண்டிஸ், சென்னைக்கு வந்து திட்டம் தீட்டினார். 1882-இலே சென்னை வனச் சட்டம் வந்தது. கெஜட்டிலே ஓர் அறிவிப்பு. உரிமை கோர ஒரு தவணை. விசாரிக்க ஓர் அதிகாரி. எழுத்தறியாத ஆட்டிடையன் அந்தத் தவணைக்குள் மனுக் கொடுக்கவில்லையா? பாட்டன் காலத்து மேய்ச்சல் பறிபோயிற்று! ஊர்க்காடு, காப்புக்காடாயிற்று.

வெள்ளையன் போனான்; கோப்பு போகவில்லை. 1952-இலே சுதந்திர இந்தியாவின் வனக்கொள்கை காடுகளை வகை பிரித்தது. அதிலே 'தேசியக் காடு' என்றொரு வகை, 'கிராமக் காடு' என்றொரு வகை. ஒரு கிராமம் காட்டின் அருகிலே அமைந்தது தற்செயலே. அதற்காகத் தேசத்தின் பலன் குறையக் கூடாது என்பது அந்தக் கொள்கையின் நிலை. தற்செயலாம்! தலைமுறை தலைமுறையாகத் தடியெடுத்துக் காவல் நின்றவன் தற்செயலாக அங்கே இருக்கிறான். டில்லியிலே கோப்பு புரட்டுபவன் மட்டும் தெய்வ சங்கற்பத்தால் அங்கே அமர்ந்திருக்கிறானோ?

அப்போதும் அரசியல் சட்டத்திலே காடு மாநிலப் பட்டியலிலே இருந்தது. 1976 வந்தது. நெருக்கடி நிலை! மக்கள் தேர்ந்தெடுத்த தமிழக அரசு அந்த ஆண்டு ஜனவரி 31-இலே கலைக்கப்பட்டது. கேட்கச் சட்டமன்றம் இல்லாத அந்த ஆண்டிலேதான், 42-ஆவது திருத்தத்தால் கல்வியும் காடும் பொதுப் பட்டியலுக்குப் பெயர்ந்தன. கல்வி போனதற்கு நாம் இன்றும் குரலெழுப்புகிறோம். காடு போனதற்கு?

நேர்மையாகவும் பேசுவோம். 1980-இலே மைய அரசு கொண்டுவந்த வனப் பாதுகாப்புச் சட்டம், மாநிலங்கள் காட்டை வாரி வழங்கியதற்கு ஒரு தடை போட்டது, மறுப்பதற்கில்லை. காடு நம் கையிலே இருந்தால் மட்டும் தருமம் தழைத்துவிடுமா? 1992 ஜூனிலே தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியிலே, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் மலைவாழ் மக்களுக்கு இழைத்த கொடுமையை நினைத்தால் எழுதுகோல் கூசுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011-இலே தீர்ப்பு வருமுன் 54 பேர் இறந்தே போயினர். எஞ்சிய 215 பேருக்கும் தண்டனை. அவர்கள் டில்லியிலிருந்து வந்தவர்கள் அல்லர். நம் சம்பளம் பெற்றவர்கள்.

ஆகவேதான் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கிராம சபையின் குரலுக்குச் சட்டம் செவி சாய்த்தது. 2013-இலே அதே ஒடிசாவிலே, நியமகிரியிலே, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் "வேண்டாம்" என்றன. வேதாந்தா நிறுவனத்தின் சுரங்கத் திட்டம் நின்றது! அந்த வெற்றி மேலிடத்தை உறுத்தியிருக்க வேண்டும். 2022-இலே விதியை மாற்றினார்கள்: டில்லி ஒப்புதலைத் தந்துவிடும், மலைமக்களின் உரிமையைத் தீர்ப்பது பிறகு மாநில அரசின் பாடு! தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணின் சம்மதம் கேட்கும் கூத்து இது. நான் எழுதிய எந்தக் கோமாளிக் காட்சியும் இதற்கு ஈடாகாது.

தாலாபிராவின் கரி தூத்துக்குடி அனல் மின்நிலையத்துக்கும் வருகிறது. அதன் உடைமையிலே நெய்வேலி நிறுவனத்தோடு நம் மாநில மின்வாரியத்துக்கும் ஒரு பங்குண்டு. உன் வீட்டு விளக்கிலே அந்தக் காடு எரிகிறது, தோழனே; என் மேடை விளக்கிலும்தான்.

காடு மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வர வேண்டும் என்று கூட்டங்களிலே பேசுகிறேன். கைதட்டல் கொட்டகையைக் குலுக்குகிறது. அடுத்த மூச்சிலே, வந்த அதிகாரம் கோட்டையிலே தங்காமல் கிராம சபைக்குப் போக வேண்டும், அது "வேண்டாம்" என்றால் நம் அமைச்சராயினும் பேனாவை மூட வேண்டும் என்கிறேன். அப்போது முன்வரிசை நாற்காலிகளிலே சற்றே மௌனம் நிலவுகிறது. நான் அந்த இடத்திலே நிறுத்தி, அதையே இரண்டாம் முறையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன்.