பெயரை மறைத்தால் தெரியும் ருசி

போன மாதம் எனக்கு 70 முடிந்தது. அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், விமான நிலையக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தான். ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கி, 18 வருடம் பீப்பாயில் இருந்தது. விலை கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றான். ரசீது பையிலேயே கிடந்தது. நம் பணத்தில் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். 1978ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மூன்று வருடச் சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்தால்தான் இதை வாங்கியிருக்க முடியும்.

அண்ணாமலையார் ஊரில் உட்கார்ந்துகொண்டு குடியைப் பற்றி எழுதுகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். மாதத்தில் இரண்டு முறை, முறைக்கு 30 மில்லி. அதுதான் என் கணக்கு. பௌர்ணமி அன்று கிடையாது. இதுவரை குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கவும் வேண்டாம். நான் சொல்ல வந்தது ஒரு பொருளின் மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி.

அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வேலை பார்த்தவன். நம் பக்கத்து விவசாயிகள் மணிலாவை மூட்டை மூட்டையாகக் கொண்டு வருவார்கள். குவியலுக்கு ஒரு லாட் நம்பர் போடுவோம். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து ஒரு கை அள்ளி, உடைத்து, முகர்ந்து, கடித்துப் பார்ப்பார்கள். பிறகு விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். இதுதான் மறைமுக ஏலம். அடுத்தவர் என்ன எழுதினார் என்று இவருக்குத் தெரியாது. கையும் மூக்கும் பல்லும் சொன்னதுதான் விலை.

விஸ்கிக்கும் அதையே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு 12 வருட ஸ்காட்ச்சும், பெங்களூரில் தயாராகும் அம்ருத் ஃப்யூஷனும் கொண்டுவந்தார். மூன்றாவது என் மகன் வாங்கி வந்தது. ஊற்றித் தரக் குடிக்காத ஆள் வேண்டுமே? ஏரிப் பக்கம் குடியிருக்கும் கணக்கு வாத்தியார் ஒப்புக்கொண்டார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். சமையலறைக்குள் போய், எதை எதில் ஊற்றினார் என்று துண்டுச் சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கிளாஸ் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும் என்றேன். காரணம் உண்டு. விஸ்கியின் நிறத்தைப் பார்த்து ஏமாறுவது சுலபம். ஸ்காட்லாந்துச் சட்டத்தில்கூட நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை சேர்க்க அனுமதி உண்டு. அடர்ந்த நிறம் இருந்தால் பழைய சரக்கு என்று அர்த்தமில்லை.

ஐஸ் இல்லை, சோடா இல்லை, தொட்டுக்கொள்ள முறுக்கும் இல்லை. முதலில் வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர வேண்டும். பிறகு ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நாலு துளி தண்ணீர் விட்டு மறுபடி முகர வேண்டும். சாராயக் காரம் அடங்கி, உள்ளே இருக்கும் வாசனைகள் வெளியே வரும்.

முதல் டம்ளரில் உலர்திராட்சை வாசனை, கூடவே பாட்டி வீட்டு மரப்பீரோவைத் திறந்த மாதிரி ஒன்று. இரண்டாவது இளசாக, பச்சை ஆப்பிள் மாதிரி. மூன்றாவதில் வெல்லப்பாகு, அதன் பின்னால் வைக்கோல் எரிந்த புகை. சீட்டில் எழுதினோம். நான் மூன்றாவதுக்கு முதலிடம் கொடுத்தேன். நண்பர் இரண்டாவதுக்குக் கொடுத்தார். மரப்பீரோவுக்கு இருவருமே இரண்டாம் இடம்.

வாத்தியார் துண்டுச் சீட்டைப் பிரித்தார். நான் தேர்ந்தெடுத்தது பெங்களூர் சரக்கு. அதன் விலை என் பாட்டிலில் பாதிகூட இல்லை. நண்பர் தேர்ந்தெடுத்தது 12 வருடம். மகன் வாங்கி வந்ததை இருவருமே முதலாவதாக வைக்கவில்லை. பெயர் தெரிந்த பிறகு நண்பர் அந்த டம்ளரை மறுபடி எடுத்து உறிஞ்சினார். “இப்பப் பாத்தா இதான் ஒசத்தி மாதிரி இருக்குதுங்க” என்றார். வாத்தியார் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

நண்பரைக் குறை சொல்ல முடியாது. 2008ல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும், இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது ருசி அதிகம் என்றார்கள் குடித்தவர்கள். மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால், அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அதிக இன்பம் அடைந்திருக்கிறார்கள். விலை நாக்கில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

அப்படியானால் அந்தப் பதின்மூன்றாயிரம் எதற்கு? பெரும்பகுதி காலத்துக்கு. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செப்புக் கொதிகலனில் வடித்தது. ஸ்காட்ச் என்று பெயர் போட, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஸ்காட்லாந்திலேயே இருக்க வேண்டும். பாட்டிலில் போட்டிருக்கும் வயது, அதில் சேர்ந்த சரக்குகளில் மிக இளையதன் வயது. பீப்பாயில் இருக்கும்போதே வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். 18 வருடத்தில் முப்பது சதவீதம் போல அவர்கள் குடித்துவிடுகிறார்கள். போனதற்கும் சேர்த்து நாம்தான் காசு தர வேண்டும்.

பெங்களூர் வெயிலில் அந்தப் பங்கு வருடத்துக்கு 10 முதல் 12 சதவீதம். ஐந்து வருடத்தில் பீப்பாய் பாதியை நெருங்கிவிடும். ஆனால் அதே வெயிலில் சரக்கு மரத்தோடு சீக்கிரம் பழகிவிடுகிறது. அதனால்தான் இளம் வயதிலேயே அதை பாட்டிலில் அடைக்க முடிகிறது. அம்ருத் 2004ல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் விற்கப் போனது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் ஊசி விற்றது. 2010க்கான விஸ்கி நூலில் ஜிம் மரே என்ற ஆங்கிலேய விமர்சகர், இந்த ஃப்யூஷனை உலகிலேயே மூன்றாவது சிறந்ததாக வைத்தார்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். வயதும் விலையும் அந்தச் சரக்கு எவ்வளவு காலம் காத்திருந்தது, வழியில் எவ்வளவு போனது என்பதைச் சொல்லும். நம் ஊர்க் கடையில் வாங்கினால் எவ்வளவு வரி கட்டினோம் என்பதையும் சொல்லும். வெளிநாட்டு விஸ்கிக்கு இங்கே 150 சதவீதம் இறக்குமதி வரி இருந்து வந்திருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தப்படி முதலில் 75, பத்தாவது வருடத்தில் 40 என்று அது இறங்க வேண்டும். இவை எதுவும் உங்கள் நாக்குக்கு எது பிடிக்கும் என்று சொல்லாது. வாங்குகிறவர்கள் 12 வருடத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. பெட்டியின் வெல்வெட்டுக்குக் காசு தர வேண்டாம்.

இதோடு முடித்திருப்பேன். நண்பர்கள் கிளம்பிய பிறகு, டம்ளர்களைத் துலக்க எடுத்துக்கொண்டு போன என் மனைவி வாசற்படியில் நின்றாள்.

“மூணு பேரும் ரெண்டு மணி நேரமா எது ஒசத்தின்னு பேசினீங்க. என் தம்பி ருசி தெரியாமத்தான் போனானா?”

அவள் தம்பி 41 வயதில் போனவன். கல்லீரல். அவனும் ஆரம்பத்தில் நல்ல சரக்காகத் தேடித்தான் குடித்தான். கடைசியில் எது கிடைத்தாலும் போதும் என்ற நிலைக்கு வந்தான். ருசி தெரிந்தவன் அளவோடு நிறுத்துவான் என்று பல வருடமாகச் சொல்லி வந்தவன் நான். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாக்கு மதிப்புப் போடும், ஆனால் அது அளவு போடாது. இரண்டும் வேறு வேறு வேலை.

மறுநாள் மகனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். உன் பாட்டில் இரண்டாவதாக வந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த தடவ வேற பாத்து வாங்கிட்டு வரேன்பா” என்றான்.

“வேணாம்பா. இதுவே ஒரு வருஷம் வரும். அந்த இடத்துல அம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டு வாங்கி வா” என்றேன்.