'பிறகு' என்று அழுத்தும் விரல்

"பேப்பர் ஒன்றைத் திறந்து பார்ப்பதில் என்ன ஆபத்து இருக்கிறது?" உம்மா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

உயர்தரத்துக்குப் படிக்கும் எங்களிடம் புத்தகங்களைவிட பீடிஎப் கோப்புகளே அதிகம். கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம், டியூசன் குறிப்பு எல்லாமே வட்ஸ்அப் குழுக்களில் வந்து சேர்கின்றன. யார் தயாரித்தது என்று நாங்கள் கேட்பதில்லை.

எங்கள் வீட்டு மடிக்கணினியில் பீடிஎப் திறக்கும்போதெல்லாம், மென்பொருளை இற்றைப்படுத்துமாறு ஓர் அறிவித்தல் வரும். டேட்டா முடிந்துவிடுமே என்று 'பிறகு' என்பதை அழுத்துவேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. ஒருநாள் கணினி தானாகவே ஏதேதோ பக்கங்களைத் திறக்கத் தொடங்கியது. திருத்துபவர் எல்லாவற்றையும் அழித்துத்தான் அதை மீட்டுத் தந்தார். ராத்தாவின் கல்யாணப் படங்களும் எனது குறிப்புகளும் போய்விட்டன. எதனால் வந்தது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இதில் ஒன்றுமே இற்றைப்படுத்தியில்லையே, மகள்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். பீடிஎப் என்பது கடதாசியின் படம் என்றே நினைத்திருந்தேன். 1993 இல் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த வடிவம், எழுத்து, படம் மட்டுமன்றி ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களையும் தன்னுள் வைத்திருக்கக் கூடியது. திறக்கும் மென்பொருள் இவை ஒவ்வொன்றையும் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் ஓரிடத்தில் பிழை இருந்தாலும் போதும். அதற்கென்றே தயாரித்த கோப்பு ஒன்றால் கணினியைத் தன் சொற்படி ஆட்டுவிக்கலாம்.

ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்குவதற்கு 'ஜேபிக்2' என்றொரு முறை உண்டு. அடோபி ரீடர் அதைக் கையாண்ட விதத்தில் இருந்த பிழை 2009 பெப்ரவரியில் வெளியே தெரிந்தது. தாக்குதல்கள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. திருத்தம் மார்ச்சில்தான் வந்தது. 2021 இல் அப்பிள் கைப்பேசிகளிலும் இதே முறையைக் கையாளும் பகுதியில் வேறொரு பிழை அகப்பட்டது. சாதாரணப் படம்போலப் பெயரிடப்பட்ட பீடிஎப் கோப்பு மூலம், உரிமையாளர் எதையும் தொடாமலே உளவு மென்பொருள் உள்ளே நுழைந்தது. கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். செப்டெம்பர் 13 ஆம் திகதி அப்பிள் திருத்தம் வெளியிட்டது.

திருத்தம் வெளியானதும் அதை ஆராய்ந்து, பிழை எங்கே இருந்தது என்று தீயவர்களும் அறிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு அகப்படுவது இற்றைப்படுத்தாதவர்கள்தான். ஆகவே 'பிறகு' என்று நாம் தள்ளிப்போடும் நாட்களே கூடுதல் ஆபத்தானவை.

"நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். குடும்பப் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வாப்பாவின் வங்கி விபரங்கள் எல்லாம் அந்தக் கணினியில்தானே இருக்கின்றன? டேட்டா விலை உண்மையான பிரச்சினைதான். ஆனால் அடோபி ரீடரும் அதன் இற்றைப்படுத்தல்களும் இலவசம். இரவு நேர டேட்டா உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம். திருட்டுப் பிரதிகளையோ அப்படியல்ல. பூட்டு உடைந்துவிடும் என்று பயந்து பலர் அவற்றை இற்றைப்படுத்துவதே இல்லை.

செய்யவேண்டியவை சிலதான். பாவிக்காத பீடிஎப் மென்பொருட்களை அகற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருப்போம். அது அடோபி ரீடர் என்றால், அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவைப்போம்; 2010 இல் வந்த பாதுகாப்புப் பயன்முறையை நிறுத்தாதிருப்போம். அனுப்பியவர் யாரென்று தெரியாத கோப்பைத் திறக்காதிருப்போம். முக்கியமான படங்களுக்கு வேறோர் இடத்தில் பிரதி வைத்திருப்போம். இவற்றில் எதுவும் இற்றைப்படுத்தலுக்கு ஈடாகாது.

கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள். அடோபியும் மைக்ரோசொப்ட்டும் வழமையாக மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகின்றன. அந்த வாரத்தில் ஒரு பாடவேளையைக் கணினி அறைக்கு ஒதுக்கினால், நூற்றுக்கணக்கான மாணவியர் பென்ட்ரைவ் செருகும் அந்தக் கணினிகள் பாதுகாப்பாக இருக்கும். அந்த வேலையை மாணவியராகிய நாங்களே பொறுப்பேற்கத் தயார்.

பெற்றோரே, தோழியரே, இன்றிரவு உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து பாருங்கள். அந்த அறிவித்தல் காத்திருந்தால், இம்முறை 'பிறகு' என்பதை அழுத்தாதீர்கள்.