இழுத்தடித்தவர் யார்? நிறுத்தியவர் யார்?

"விமானம் ஓட்டுகிறவருக்கு மாதம் பல லட்சம். அவருக்கும் சங்கமா? அவருக்கும் வேலை நிறுத்தமா? அதற்கும் நீங்கள் வக்காலத்தா?"

தென்சென்னையில் துண்டறிக்கை ஏந்தி வீடு வீடாகச் செல்லும் நம் தோழர்கள் கேட்டுப் பழகிய கேள்வி இது. மயிலை மாடவீதியிலே கேட்கிறார்கள். தியாகராய நகரிலே, பனகல் பூங்காவின் எதிரே கேட்கிறார்கள். அடையாற்றிலே கதவைத் திறந்தவுடனேயே கேட்கிறார்கள். கேட்பவர் நமக்குப் பகைவர் அல்லர். மகளைப் பார்க்க மும்பைக்குப் புறப்பட்டு, மீனம்பாக்கத்தில் எட்டு மணி நேரம் காத்துக் கிடந்து, மூட்டையோடு வீடு திரும்பியவராக இருப்பார். அவருடைய கோபம் பொய்க் கோபம் அன்று. ஆனால் அந்தக் கோபம் யாரை நோக்கிப் பாய வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, வேறொருவர் மீது பாய்கிறது. அந்தத் திசை மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை எடுத்துச் சொல்வதே நம் வேலை.

இந்தக் கேள்விக்கு நம்மில் சிலர், "உழைப்பவர் எல்லோரும் தொழிலாளரே" என்று ஒற்றை வரியில் விடை சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்த விடை தவறில்லை என்றாலும், கேட்டவர் மனம் நிறைவதில்லை. சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கும்போது, பேச்சுவார்த்தை எத்தனை ஆண்டு நடந்தது என்று நாம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

2011ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2007இல், வெளிநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவையும், உள்நாட்டு நகரங்களை இணைத்துக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்சையும் மத்திய அரசு ஒன்றாக்கியது. பெயரை ஒன்றாக்கினார்கள், விமானத்தின் வாலில் தீட்டும் சின்னத்தை ஒன்றாக்கினார்கள், ஊதியத்தை மட்டும் இரண்டாகவே வைத்திருந்தார்கள்! ஒரே நிறுவனம், ஒரே சீருடை, ஒரே உரிமம். ஆனால் உள்நாட்டு வழியிலிருந்து வந்த விமானிக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு வேறொரு கணக்கு. பறந்த மணிக்கு ஏற்பவே வருவாயின் பெரும்பங்கு அமைந்திருந்ததும் குறையாகச் சொல்லப்பட்டது. எத்தனை மணி பறப்பது என்பதை விமானியா முடிவு செய்கிறார்? அட்டவணை போடுகிறவர் நிர்வாகத்தார். மணியைக் குறைத்தால் கூலி குறைகிறது. வயற்காட்டில் தினக்கூலிக்குக் காத்து நிற்பவர் இந்தக் கணக்கை நொடியில் புரிந்துகொள்வார்.

சம ஊதியம் கேட்டு இந்திய வர்த்தக விமானிகள் சங்கம் மனுக் கொடுத்தது, பேசியது, காத்திருந்தது, எச்சரிக்கை விடுத்தது, மறுபடியும் பேசியது. ஆண்டுகள் உருண்டன. 2011 ஏப்ரல் 27 அன்று விமானிகள் வேலையை நிறுத்தினார்கள். அதன் பின்னரே டில்லிக்கு விழிப்பு வந்தது. அடடா, என்ன வேகம்! சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அலுவலகங்களுக்குப் பூட்டு விழுந்தது. தலைவர்கள் சிலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பணிக்குத் திரும்புமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. திரும்பாததால் அவமதிப்பு நடவடிக்கையும் தொடங்கிற்று. நான்கு ஆண்டுகளில் எடுக்க முடியாத முடிவுகளை நான்கு நாட்களில் எடுக்கும் ஆற்றல் இந்த நிர்வாகத்தாருக்கு உண்டு என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

பத்தாம் நாள், மே 6 அன்று, போராட்டம் முடிந்தது. நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள், அங்கீகாரம் மீண்டது, சம ஊதியக் கோரிக்கையை நீதிபதி தர்மாதிகாரி குழு பார்க்கும் என்று உறுதி கூறப்பட்டது. நல்லது. பத்து நாளில் கொடுக்க முடிந்த அந்த உறுதியை 2008இல் கொடுத்திருந்தால் எந்தப் பயணி மூட்டையோடு திரும்பியிருப்பார்? அந்தப் பத்து நாளுக்காக விமானிகளைக் கூண்டில் ஏற்றினார்களே, அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளுக்காக யாரைக் கூண்டில் ஏற்றினார்கள்?

"சரி, பொறுமையாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கலாமே" என்பார் சிலர். பேசிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. அவர்கள் கதியையும் பார்த்துவிடுவோம். ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் 2019 தொடக்கத்தில் விமானிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. ஏப்ரல் 1 முதல் பறக்கமாட்டோம் என்றார்கள் விமானிகள், நிறுவனம் பிழைக்கட்டும் என்று எண்ணி ஏப்ரல் 15 வரை தள்ளிப்போட்டார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 17 அன்று நிறுவனம் தானே நின்றுவிட்டது. விமானிகள் மட்டுமா? மூட்டை ஏற்றியவர், சீட்டு கொடுத்தவர், எந்திரம் பார்த்தவர் என ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்த நிறுவனத்தைக் கலைத்து விற்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கடன் கொடுத்த வங்கிகள் நின்ற அந்த வரிசையிலே உழைத்தவனும் போய் நின்றான். பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது!

இனி, விமானத்தில் ஏறாதவர் கதைக்கு வருவோம். அடையாறு, மந்தைவெளி, தியாகராய நகர் ஆகிய பணிமனைகளிலிருந்து விடியுமுன் பேருந்தை எடுத்துச் செல்லும் ஓட்டுநர், விமானியின் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பார்த்தவர் அல்லர். ஆனால் அவர் பட்டதும் இதே பாடுதான்.

அரசுப் போக்குவரத்துத் தொழிலாளரின் ஊதிய ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. 12ஆவது ஒப்பந்தம் 2016 ஆகஸ்டு 31 அன்று முடிந்தது. அடுத்த நாளே புதியது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். பேச்சு தொடங்கிற்று, தொடர்ந்தது, ஒத்திவைக்கப்பட்டது, மறுபடி தொடங்கிற்று. பதினாறு மாதங்கள் ஓடின. 2.57 மடங்கு என்று கேட்டார்கள் சங்கத்தார், 2.44 என்று நின்றார்கள் அரசுத் தரப்பார். 2018 ஜனவரி 4 மாலை பேருந்துகள் நின்றன. மறுநாளே உயர்நீதிமன்றத்தின் ஆணை வந்துவிட்டது: பணிக்குத் திரும்புக, இல்லையேல் நடவடிக்கை! தற்காலிக ஓட்டுநர்களைக் கொண்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். எட்டு நாள் அல்லல்பட்டது நகரம். ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபன் இந்தப் பிணக்கைத் தீர்த்துவைக்க நியமிக்கப்பட்ட பிறகு ஜனவரி 11 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த நடுவரை 2017இல் நியமிக்க எந்தச் சட்டம் தடுத்தது?

அதற்கடுத்த ஒப்பந்தம் 2019 செப்டம்பரில் வர வேண்டியது. கையெழுத்தானது 2022 ஆகஸ்டில்! ஒப்பந்தத்தின் ஆயுள் மூன்று ஆண்டு. அதைப் பேசி முடிக்கவும் மூன்று ஆண்டு. குழந்தை பிறந்த அன்றே அதற்குப் பள்ளிக்கூடத்தில் இடம் தேட வேண்டிய நிலை. உடனே ஒப்பந்தக் காலத்தை நான்கு ஆண்டாக நீட்டிக்கொண்டார்கள். 15ஆவது ஒப்பந்தம் 2023 செப்டம்பரில் வர வேண்டியது. 2024 ஜனவரியில் ஒரு வேலை நிறுத்தம் நடந்து, அதுவும் நீதிமன்றப் படியேறி, முடிவில் 2025 மே மாதக் கடைசியில்தான் 6 சதவீத உயர்வோடு கையெழுத்தாயிற்று. இடையே கோட்டையில் ஆட்சி மாறியது, அமைச்சர்கள் மாறினார்கள், இழுத்தடிப்பு மட்டும் பதவியை விட்டு இறங்கவில்லை.

தாமதத்தால் லாபம் யாருக்கு? இதைத் தோழர்கள் துண்டறிக்கையிலே பெரிய எழுத்தில் போட வேண்டும். தர வேண்டிய உயர்வை இரண்டாண்டு தராமல் வைத்திருந்தால், அத்தனை காலமும் அந்தப் பணம் வட்டியில்லாக் கடனாக முதலாளியின் பெட்டியிலே இருக்கிறது. தொழிலாளியோ அதே இரண்டாண்டு, மகன் படிப்புக்கும் மகள் திருமணத்துக்கும் கந்துவட்டிக்கு வாங்குகிறான். இடையிலே ஓய்வு பெற்றவன், நிலுவைக்காக அலைகிறான். பேச்சுவார்த்தை மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் இரு தரப்பாரில் ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் வரவு. மற்றவருக்கு ஒவ்வொரு நாளும் செலவு.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். விமானப் போக்குவரத்து பழைய தொழில் தகராறு சட்டத்திலேயே பொதுப் பயன்பாட்டுச் சேவை, முன்னறிவிப்பின்றி நிறுத்தக்கூடாது, சமரச அதிகாரி முன் வழக்கு இருக்கும்போதும் நிறுத்தக்கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, இந்த 14 நாள் முன்னறிவிப்பு விலங்கை எல்லாத் தொழில் நிலையங்களுக்கும் பூட்டிவிட்டது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலை நிறுத்தம் என்கிறது. அறிவிப்புக் கொடுத்ததும் அதிகாரி ஒரு கூட்டத்தைக் கூட்டினால் போதும், சமரசம் தொடங்கிவிட்டது, நிறுத்தினால் சட்டவிரோதம்! சமரசம் என்னும் நல்ல சொல்லை விலங்காக்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் விமானிகளை ஆள்வது 1926இல் ரயில்வேக்காக எழுதி, 1936இல் விமானத்துக்கும் நீட்டிய சட்டம். அங்கே ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை, "திருத்தத்தக்கது" ஆகிறதாம்! சமரச வாரியம் விடுவிக்கும் வரை விமானிகள் பழைய ஊதியத்திலேயே பறக்க வேண்டும். விடுவித்த பின்னும் 30 நாள் ஆறப்போட வேண்டும். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே பிராந்திய விமானம் ஒன்று விழுந்து 50 பேர் மாண்டபோதுதான், சிற்றூர்களுக்குப் பறக்கும் துணை விமானி எவ்வளவு சொற்ப ஊதியம் பெறுகிறார் என்பதும், இரவெல்லாம் நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து வந்து வேலையில் அமர்ந்தார் என்பதும் அமெரிக்க மக்களுக்குத் தெரிய வந்தன. விபத்துக்குக் காரணம் விமானத்தைக் கையாண்டதில் நேர்ந்த பிழையே என்றது விசாரணை. ஆயினும் ஓய்வு விதிகளைத் திருத்த அந்த ஐம்பது உயிர் தேவைப்பட்டது.

நீதிமன்றத் தடையாணையும் புதிய படைக்கலம் அன்று. அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த வாடியாவும், திரு.வி.க.வும் துணை நிற்க, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1920இல் பக்கிங்காம் ஆலை கதவடைத்தபோது பின்னி கம்பெனியார் செய்த முதல் வேலை, தொழிலாளரின் குறையைக் கேட்டது அன்று; சென்னை உயர்நீதிமன்றத்தில் வாடியா மீது வழக்குப் போட்டுத் தடையாணையும் நட்டஈடும் பெற்றதுதான். அந்த அநீதி எழுப்பிய கிளர்ச்சியின் பயனாகவே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நூறாண்டு கழிந்தும் வழி அதுவேயாக இருக்கிறது.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று வாதிடுவோருக்கு 2025 டிசம்பரை நினைவூட்டுங்கள். விமானிகளின் களைப்பைக் கருதி, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியும் இரவில் இறங்கும் எண்ணிக்கையைக் குறைத்தும் 2024 ஜனவரியிலேயே விதி வகுக்கப்பட்டது. நிறுவனங்கள் முணுமுணுத்தன; விதி தள்ளிப்போயிற்று; விமானிகள் சங்கங்கள் நீதிமன்றம் சென்ற பிறகே 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக வந்தது. ஏறக்குறைய இரண்டாண்டு அவகாசம்! நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ, தேவையான ஆட்களைத் திட்டமிட்டு வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. மீனம்பாக்கத்தில் பெட்டிகள் மலையாய்க் குவிந்தன.

அப்போது எந்த விமானி வேலை நிறுத்தம் செய்தார்? ஒருவரும் இல்லை. நிறுத்தியது நிர்வாகம். அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டதா? அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்ததா? பின்னர் ஓர் அபராதம் விதித்தார்கள் என்பது மெய். ஆனால் முதற் காரியமாகச் செய்தது என்ன? விதியைத் தளர்த்தினார்கள்! 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். தொழிலாளி பத்து நாள் நிறுத்தினால் வேலை போகிறது. முதலாளியால் நின்றால் தொழிலாளியின் தூக்கம் போகிறது.

விமானிகளிடம் குறையே இல்லை என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. 2012இல் ஏர் இந்தியாவின் மற்றொரு விமானிகள் சங்கம் 58 நாள் நடத்திய போராட்டத்தின் மூலக் கோபம், புதிய டிரீம்லைனர் விமானப் பயிற்சி உள்நாட்டுப் பிரிவிலிருந்து வந்த சக விமானிகளுக்கும் போகிறதே என்பது. நிர்வாகம் விதைத்த பிளவுக்குத் தாமே நீர் பாய்ச்சினார்கள். மூட்டை தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளியைத் தம் தோழராக அவர்கள் எண்ணுவதும் அரிது. இவற்றை நேரே சொல்லும் உரிமை, அவர்களுடைய நியாயமான கோரிக்கைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கே உண்டு.

ஆகவே கதவைத் திறந்து கேள்வி கேட்பவரிடம் மூன்று கோரிக்கைகளைச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே பேச்சு தொடங்கப்பட வேண்டும். முடியும் நாளில் கையெழுத்தாகாவிட்டால் நடுவரிடம் தானாகவே செல்ல வேண்டும். கடந்து போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் நிலுவைத் தொகை வட்டியோடு தரப்பட வேண்டும். விமானிக்கும் இதுவே; பேருந்து ஓட்டுநருக்கும் இதுவே. பயணிக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை என்பதை அவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

போக்குவரத்துத் தொழிலாளரின் இப்போதைய ஒப்பந்தம் 2027 ஆகஸ்டு 31 அன்று முடிகிறது. 16ஆவது ஒப்பந்தத்துக்கான பேச்சு அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை, மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர் கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றித் தேனாம்பேட்டைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கட்டும்.