ஐந்து விழுக்காட்டு வேலி

வியட்னாமின் சொத்துச் சந்தைக் கோடீஸ்வரி ட்ரூங் மை லானுக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, என் பல்கலைக்கழக நண்பர்கள் தண்டனையைப் பற்றியே பேசினார்கள். (கையாடலுக்கு மரண தண்டனையை 2025ல் அந்நாடு நீக்கிவிட்டது.) எனக்கோ வழக்கில் வந்த ஓர் எண்தான் மனத்தில் நின்றது: 5.

ஒரு தனிநபர் ஒரு வங்கியின் பங்குகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது வியட்னாமியச் சட்டம். ஏட்டளவில் லான் அதை மீறவில்லை. ஆனால் பிறர் பெயர்களில் சைகோன் வர்த்தக வங்கியின் 90 விழுக்காட்டுக்கும் அதிகமான பங்குகள் அவர் கைக்குள் இருந்ததாக நீதிமன்றம் கண்டறிந்தது. தமக்கு வேண்டியவர்களை நிர்வாகத்தில் அமர்த்தி, பெயரளவு நிறுவனங்கள் வழியாகக் கடன் எடுத்தார். வங்கி கொடுத்த மொத்தக் கடனில் 93 விழுக்காடு அவருக்கே போனது. கையாடல் 12.5 பில்லியன் அமெரிக்க டாலர். வங்கியைச் சோதிக்கப் போன மத்திய வங்கி அதிகாரியோ 5.2 மில்லியன் டாலர் லஞ்சம் வாங்கியிருந்தார்!

வியட்னாம் 1986ல் சந்தைப் பொருளியலை நோக்கித் திரும்பிய நாடு. இத்தகைய நாடுகளில் சட்டம் விரைவில் எழுதப்பட்டுவிடுகிறது. கேள்வி கேட்கும் பங்குதாரர்கள், அஞ்சாத ஆய்வாளர்கள், சுதந்திரமான ஊடகம் ஆகியவை அவ்வளவு விரைவில் உருவாவதில்லை. நிறுவன ஆளுகை என்று நாங்கள் வகுப்பில் படிப்பது இந்தக் கண்காணிப்பைத்தான்.

அதே நாட்டில் வினாமில்க் நிறுவனமும் இருக்கிறது. அரசாங்கப் பால் நிறுவனமாக இருந்த அது, 2003ல் பங்கு நிறுவனமாக மாறி, 2006ல் பங்குச் சந்தைக்கு வந்தது. நம் சிங்கப்பூரின் எஃப் அண்ட் என் அதில் பெரிய பங்குதாரர். இயக்குநர் குழுவிலும் இடம் உண்டு. பாலையும் வங்கியையும் ஒப்பிடுவது முழுப் பொருத்தமல்ல. ஆனாலும் வெளியாள் ஒருவர் மேசையில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும்போது, ஒரே குடும்பம் எல்லாவற்றையும் சுருட்டுவது கடினம்.

2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய வங்கிச் சட்டம், நிறுவனப் பங்குதாரர்களின் உச்சவரம்பை 15 விழுக்காட்டிலிருந்து 10க்குக் குறைத்தது. இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 5 என்ற வேலியையே தாண்டியவருக்கு 10 ஒரு தடையா? 1 விழுக்காடு வைத்திருப்பவரும் தம்மையும் தம் தொடர்புடையவர்களையும் பற்றிய விவரங்களைத் தரவேண்டும் என்ற விதிதான் பயனுள்ளது. ஆனால், அந்த விவரத்தைத் தரப்போகிறவரும் பங்குதாரரேதான்.