ஈத்தைத் தண்டினுள் ஒரு குடும்பம்

புலிக்கும் யானைக்கும் பரிந்து பேசுவோர் பலர் உளர். ஓரங்குல நீளமுள்ள தவளைக்காகப் பேசுவோர் அரியர். அப்பணியையே நாம் இங்கு மேற்கொள்கின்றோம்.

திருநெல்வேலிச் சீமைக்கு மேற்கே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்து மேல்கோதையாறு என்னும் மலையிடமுண்டு. அங்குள்ள சோலைகளில் ஈத்தை எனப்படும் மெல்லிய மூங்கில் அடர்ந்து வளர்கின்றது. அப்புதர்களில் வாழும் பசுந்தவளையொன்றைக் குந்தர் என்னும் விலங்கியலார் 1876இல் உலகுக்கு அறிவித்தார். பின்னர் அது எவர் கண்ணிலும் பட்டதாகச் செய்தியில்லை. மீண்டும் கண்டறியப்பட்டதென 2011இல் அறிவிக்கப்பட்டபோது நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

தவளை நீரில் முட்டையிடும், முட்டை தலைப்பிரட்டையாகும் என்றே நாம் பள்ளியில் கற்றோம். இத்தவளையோ ஈத்தைத் தண்டில் சில மில்லிமீட்டரே அகன்ற பிளவின் வழியாக உடலை ஒடுக்கி நுழைந்து, உள்ளீடற்ற கணுவிடையில் முட்டையிடுகின்றது. முட்டையினின்று தலைப்பிரட்டையன்று, சிறு தவளையே வெளிவருகின்றது. அதுவரை காவலிருப்பது தந்தையே. இவ்வரிய செய்தி 2015இல் சேஷாத்திரி, குருராஜா முதலியோரது ஆய்வால் வெளியாயிற்று. காவல் எதற்கென ஐயுறுவார்க்கும் பின்னர் விடை கிடைத்தது: தந்தையை அகற்றியபோது அயல் ஆண் தவளைகள் முட்டைகளை விழுங்கின. மக்கட்குலத்துத் தந்தையர் சிலர் இதனைக் கேட்டு நாணுதல் கூடும்!

ஆகவே பிளவுள்ள தண்டு இன்றேல் இவ்வினத்திற்கு மகப்பேறும் இல்லை. ஈத்தையை நம்பிய இனம் இதுவொன்றேயன்று; கோழிக்கோட்டை அடுத்த கக்கயத்திலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட வேறொரு தவளை அம்மூங்கிலின் பெயரையே தாங்கியுள்ளது. ஈத்தையோ பாய்க்கும் கூடைக்கும் காகிதக் கூழுக்கும் வெட்டப்படும் பொருள். காப்பகத்துள் காவலுண்டு, வெட்டுரிமை வழங்கப்படும் ஏனைக் காடுகளில் தண்டினுள் இருப்பதை யார் நோக்குவர்?

ஈத்தையை எவரும் தொடற்க என்பது நம் கருத்தன்று. அதனை முடைந்து பிழைக்கும் ஏழைகள் பலர். அவர்தம் உணவைப் பறித்துத் தவளையைக் காத்தல் அறமாகாது. நாம் வேண்டுவன இரண்டே. முட்டைகள் உள்ளிருக்கும் மழைமாதங்களில் வெட்டு நிறுத்தப்படல் வேண்டும். ஏனைய மாதங்களிலும் பிளவு விழுந்த தண்டுகள் நிற்க விடப்படல் வேண்டும். உரிமைச் சீட்டில் இரண்டு வரிகளைச் சேர்ப்பதற்கு அரசினர் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. வனத்துறையில் அலுவல் பார்க்கும் நம் பழைய மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. சுற்றுலாவாக மலையேறும் இளைஞரும் ஊதுகுழல் செய்து விளையாடுதற்கென ஈத்தையை ஒடியாதிருப்பாராக.