வட்டத்தின் சுற்றளவும் பரிதியும்

சேக்காட்டினின்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியிற் சென்று மீளும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் வண்டியுருளையின் விட்டம் 28 அங்குலம். அவ்வுருளை ஒருமுறை முழுதும் சுழன்றால் வண்டி எவ்வளவு தொலைவு நகரும்? 28ஐ 22ஆற் பெருக்கி 7ஆல் வகுக்க 88 அங்குலம் வரும். ஒரு கல் தொலைவுக்கு, அஃதாவது ஒரு மைலுக்கு, 63,360 அங்குலமாகலின் உருளை 720 முறை சுழலவேண்டும். கணக்கு எளிது. அந்த 88க்குப் பெயர் என்ன என்று வினவினால், எட்டாம் வகுப்பிற் படிக்கும் அவர் மகன் ‘பரிதி’ என்பான். தந்தையோ ‘சுற்றளவு’ என்பார். இருவர் கூறுவதும் ஒன்றே. ஆயின், அப்பெயர் ஏன் வந்தது என்பதைத் தந்தை அறிவார், மகன் அறியான்.

இது மகனின் குற்றமன்று. வட்டத்தைப் பற்றிய பிற சொற்கள் யாவும் அவன் கண்முன் நிற்கின்றன. சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் உத்தரக்கட்டையை விட்டம் என்று வீட்டிலேயே கேட்டிருப்பான். வட்டத்தின் குறுக்கே ஓடும் கோடும் விட்டமே. வில்லும் நாணும் விளக்கம் வேண்டாதவை. வண்டியின் குறட்டினின்று வட்டைக்கு ஓடும் ஆரக்காலைக் கண்டவனுக்கு ஆரம் தானே விளங்கும். (ஆரம் எம்மொழிக்குரியது என்று வழக்காடுவாரும் உளர், அது வேறு வழக்கு.) இவற்றிடையே பரிதி மட்டும் உருவம் காட்டாமல் நிற்கிறது. மனப்பாடம் செய்தாலன்றி அது நெஞ்சில் தங்குவதில்லை.

தமிழிலக்கியம் பயின்றவனுக்கோ பரிதி என்றவுடன் தோன்றுவது ஞாயிறு. திருக்குறளுக்கு உரைகண்ட பதின்மருள் ஒருவர் பரிதியார். 1903இல் மறைந்த சூரியநாராயண சாத்திரியார் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கியபோது, சூரியன் என்பதற்கு நேராக அமைத்தது இச்சொல்லையே. வடமொழியிலோ ‘பரிதி’ என்பது சுற்றி வைக்கப்பட்டது, வேலி, ஞாயிற்றைச் சூழ்ந்த ஒளிவளையம், வட்டத்தின் சுற்றுக்கோடு எனப் பொருள் விரியும். இந்திக் கணக்கு நூல்களிலும் சிங்களக் கணக்கு நூல்களிலும் வட்டத்திற்கு வழங்குவது இவ்வடசொல்லே. பரி என்னும் தமிழ்ப்பகுதியினின்று பரிதி பிறந்தது என நிறுவ முயல்வாரும் நம்மிடை உளர். அம்முயற்சி வென்றாலும் தோற்றாலும், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஞாயிற்றின் பெயர் எங்ஙனம் ஒரு நீளத்தின் பெயராயிற்று என்னும் ஐயம் அவனுக்கு அப்படியே இருக்கும்.

நம் முன்னோர் இதனை எவ்வாறு வழங்கினர்? காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் வட்டம் என்னும் சொல்லே சுற்றளவைக் குறிக்க வருகிறது. வட்டத்தளவு எனவும் வரும். அரை வட்டத்தை அரை விட்டத்தாற் பெருக்கினால் குழி, அஃதாவது பரப்பு, கிடைக்கும் என்பது பழைய முறை. மேற்கூறிய உருளைக்கு 44ஐ 14ஆற் பெருக்க 616 சதுர அங்குலம். இன்றைய வாய்பாடும் அதே விடையைத்தான் தருகிறது. எனினும் இவ்வழக்கை அப்படியே மீட்டல் இயலாது. அரைவட்டம் என்றால் இன்று பாதி வட்ட வடிவம் என்றே கொள்வர். ஆவடி வட்டம் என்று முறையீட்டுத்தாளில் நாள்தோறும் எழுதும் மக்களிடம் வட்டம் என்பது ஒரு நீளம் என்றால் நகைப்பர்!

கலைச்சொற் போராட்டம் நமக்குப் புதிதன்று. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விபுலானந்த அடிகள் தலைமையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டின் உழைப்பால் 1938இல் ‘கலைச்சொற்கள்’ நூல் வெளிவந்தது. ஈராண்டில் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். அன்று பொருதது நூற்றுக்கணக்கான சொற்களுக்காக. இன்று எஞ்சி நிற்பவை இத்தகைய ஒன்றிரண்டே. ஆகலினாலேயே எவரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

சுற்றளவு என்பது முக்கோணத்திற்கும் சதுரத்திற்கும் பொதுவாயிற்றே, வட்டத்திற்குத் தனிச்சொல் வேண்டாவோ என்பர். ஈழத்துப் பள்ளிகளில் வட்டத்திற்குப் பரிதியும் பிறவற்றிற்குச் சுற்றளவும் எனப் பிரித்தே வழங்குகின்றனர். அங்கு அதனாற் குழப்பமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயின் இப்பிரிவு ஆங்கிலம் செய்த பிரிவு. தமிழன் மரத்தின் பருமனையும் கிணற்றின் வாயையும் இடுப்பையும் சுற்றளவு என்றே சொல்லி அளந்தான். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் வட்டச்சுற்றளவு என்றால் முடிந்தது. இன்னொரு தடையே மெய்யான தடை: சுற்றளவு என்பது அளவு, கோடன்று. ‘இப்புள்ளி சுற்றளவின்மேல் உள்ளது’ என எழுதினால் பிழையாகும். அங்கு ‘வட்டத்தின்மேல் உள்ளது’ என்றாலே பொருள் நிரம்பும். கோட்டிற்கு ஒரு சொல், அதன் நீளத்திற்கு ஒரு சொல் எனத் தெளிவாக நிற்கும் இவ்வழக்கில், பரிதி என்னும் ஒரே சொல்லை இரண்டிற்கும் வழங்குவதால் வரும் மயக்கம் இல்லை.

அம்மயக்கத்தின் விலையைக் கடைசற் பட்டறையிற் காணலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத்தண்டு மணித்துளிக்கு 200 முறை சுழன்றால், உளியைக் கடந்து செல்லும் நீளம் ஏறத்தாழ 31 மீட்டர். விட்டத்தையே சுற்றளவாக மயங்கிக் கொண்டால் 10 மீட்டர் என்று கணக்கு வரும். அதனை நம்பிச் சுழற்சியை மும்மடங்காக்கினால் உளிமுனை கருகும். ஐயப்பாடின்றி நினைவில் நிற்கும் சொல் அங்கு வேண்டும்.

தமிழ்நாட்டில் இரு சொற்களும் வழங்குவதால், ‘பரிதி காண்க’ என்னும் வினாவுக்குச் சுற்றளவு என எழுதி 88 என விடை தந்த மாணவனுக்கு ஓர் அரை மதிப்பெண்ணும் குறைத்தல் கூடாது. வினாத்தாள் அமைப்போர் ‘வட்டத்தின் சுற்றளவு காண்க’ என்றே அச்சிடலாம். ஈழத்து நூலைப் புரட்டும் பிள்ளைக்கு உதவியாகப் பரிதி என்பதைப் பாடநூலின் இறுதிச் சொற்பட்டியில் ஒருவரியிற் குறித்தாற் போதும்.