கடை ஊழியர் உடல்நலம்: செலவா, முதலீடா?

ஊழியர் உடல்நலம் என்றால் அது ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் சமாச்சாரம், மாதனூரில் நாலைந்து ஆட்களை வைத்துக் கடை நடத்தும் நமக்கு எதற்கு என்றுதான் நானும் இருந்தேன்.

என் கடையில் பதினெட்டு வருடம் சரக்கு எடுத்துக் கொடுத்தவர், சென்ற ஆண்டு ஒரு மாலை கல்லாவுக்கு எதிரிலேயே வாய் குழறிச் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ரத்த அழுத்தம் பல வருடமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதை அளந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். பதினெட்டு வருடத்தில் அந்த இரண்டு நிமிடத்தை நான் அவருக்குக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், ஊழியர் நலத் திட்டத்தில் ஒரு டாலர் போட்டால் மருத்துவச் செலவில் மட்டும் 3.27 டாலர் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டினார்கள். வியாபாரிக்குக் கேட்க இனிக்கும் கணக்கு! ஆனால் அவர்களில் இருவரே பிறகு பிஜேஸ் என்ற அமெரிக்க மொத்த விற்பனைக் கடைகளில் சோதித்துப் பார்த்தார்கள். 160 கிளைகள், ஏறக்குறைய 33,000 ஊழியர்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த 20 கிளைகளில் மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன உளைச்சல் பற்றி வகுப்புகள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தமோ, கொழுப்போ, லீவு போடும் நாளோ, மருத்துவச் செலவோ குறையவில்லை. 2019இல் முடிவு வெளியானது. பழைய ஆய்வுகளில் பெரும்பாலும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். தானாக வந்து சேருகிறவன் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவன் அல்லவா?

ஆகவே, ஆளைக் கூப்பிட்டு மண்டபத்தில் சொற்பொழிவு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அளந்து பார்ப்பதும், இருந்தால் மாத்திரை தொடர்வதும் வேறு விஷயம். தமிழக அரசு 2024 ஜனவரியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொழிற்சாலைகளுக்கு விரிவாக்கியபோது, ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனையைத்தான் முன்னால் வைத்தது. 711 தொழிற்சாலைகள் அதில் வந்தன. கடைவீதி வரவில்லை.

இன்னொன்று, நாற்காலி. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று விதித்தார்கள். கேரளம் 2018லேயே செய்துவிட்டது. நம் வீதியில் எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது? இருந்தாலும் வாடிக்கையாளர் உட்காரத்தான். நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும் நோய் அதிகம் என்பது டென்மார்க்கில் பல வருடம் தொடர்ந்து பார்த்துக் கண்டறிந்தது. ‘முதலாளி எதிரில் எப்படி உட்காருவது’ என்று கூச்சப்படும் பையனிடம் ‘உட்காரப்பா’ என்று நாம்தான் சொல்லவேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றைச் சங்கம் வாங்கி, மாதம் ஒரு நாள் கடை கடையாக எடுத்துப் போகலாம். அளவு கூடுதலாக இருப்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அந்த அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். மெஷினுக்கான பணத்தை நானே தருகிறேன்.